கல் கூரையைக் கழற்றித் தார் அட்டை போடும் கணக்கு

அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கமோ நியூயார்க் மாநிலத்திலோ 1920களில் கட்டிய ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடி அறையின் உட்கூரையில் ஒரு நாள் மஞ்சளாய் ஒரு கறை தெரிகிறது. வீட்டுக்காரர் போன் போடுகிறார். கூரைக் காண்ட்ராக்டர் வருகிறார். ஏணியை வண்டியிலிருந்து இறக்குவதுகூடக் கிடையாது. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். "நூறு வருஷத்துக் கூரை. ஆயுசு முடிஞ்சு போச்சு. மொத்தமாக் கழற்றிட்டு ஷிங்கிள்ஸ் போட்டுடலாம். முப்பது வருஷம் கவலையே இல்லை" என்கிறார். கொட்டேஷன் வருகிறது. கையெழுத்தாகிறது. இரண்டு மூன்று நாளில் பழைய கல்லெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போய், கூரை புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் போகிறார்கள்.

அங்கே நடந்தது பெரும்பாலான சமயங்களில் ஒரு நல்ல சொத்தைக் காசு கொடுத்துக் குப்பையில் கொட்டிய வேலை. ஏமாந்தவருக்கே ஏமாந்தது தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

முதலில் இரண்டு பொருளையும் பார்த்துவிடுவோம். சிலேட்டு நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த கல்தான். பல்பம் வைத்து அ, ஆ எழுதினோமே, அதே சிலேட்டு. களிமண் படிவு பூமிக்கடியில் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி, ஏடு ஏடாகப் பிளக்கக்கூடிய கல்லாக மாறியிருக்கிறது. அதைக் கால் அங்குலக் கனத்தில் பிளந்து, ஓடு போல அடுக்கி, ஆணி அடித்தால் சிலேட்டுக் கூரை. ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை பாதிக்கு மேல் ஏறியிருக்கும். மூன்றாவது வரிசையும் சில அங்குலம் முதல் வரிசையின் மேல் வந்துவிடும். ஆகவே எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு கல்லாவது நீருக்குக் குறுக்கே நிற்கும். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் வெர்மான்ட்டிலும் நியூயார்க்கின் கிரான்வில் பக்கத்திலும் பென்சில்வேனியாவிலும் இந்தத் தொழிலை வளர்த்தார்கள். பென்சில்வேனியாவில் பாங்கோர் என்று ஓர் ஊரே இருக்கிறது. பெயர் வேல்ஸிலிருந்து வந்தது.

அஸ்ஃபால்ட் ஷிங்கிள் வேறு சாதி. கண்ணாடி இழையால் ஆன பாயைத் தாரில் தோய்த்து, மேலே வண்ணம் பூசிய கல் துகள்களைத் தூவி, அட்டை அட்டையாக நறுக்கியது. 1903ல் மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் தார்ச்சுருளை வெட்டி ஓடு மாதிரி ஆக்கியதில் இதன் கதை தொடங்குகிறது. அப்போது பாய் என்பது துணி, காகிதக் கூழ் வகையறா. கண்ணாடி இழை பின்னால் வந்தது. இன்று அமெரிக்க வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தலையில் இருப்பது இதுதான். மலிவு, லேசு, யார் வேண்டுமானாலும் இரண்டு நாளில் அடித்துவிடலாம். வெயிலில் தாரின் எண்ணெய்ப்பசை போகப் போகத் துகள் உதிரும், ஓரம் சுருளும், காற்று அடித்தால் கிழியும். சாதாரண ரகம் 15 முதல் 20 ஆண்டு, கனமான ரகம் 25, 30 ஆண்டு. கல்லின் ஆயுள் எந்தச் சுரங்கத்துக் கல் என்பதைப் பொறுத்து 60, 70ல் தொடங்கி 150ஐத் தாண்டிப் போகும். வர்ஜீனியாவின் பக்கிங்ஹாம் கல் எல்லாம் வீட்டைக் கட்டியவரின் பேரனுக்குப் பேரனையும் பார்த்துவிடும்.

இந்த இரண்டு ஆயுளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "பார்த்தீர்களா, கல் அஞ்சு மடங்கு உழைக்கிறது, அட்டையை அஞ்சு தடவை மாற்ற வேண்டும், ஆகவே கல்தான் லாபம்" என்று சிலேட்டுப் பிரியர்கள் வாதாடுவார்கள். வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்கூட இந்த வாதத்தைச் சிரித்துக்கொண்டே உடைத்துவிடுவான். 75 ஆண்டு கழித்துச் செலவழிக்கப் போகிற டாலரும் இன்று செலவழிக்கிற டாலரும் ஒன்றா? வட்டி என்று ஒன்று இருக்கிறதே! ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வெறும் கூரைக்கு அட்டை போட 15,000 டாலர், புதுக் கல் போட 45,000 டாலர். அட்டை 25 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், காலாகாலத்துக்கும். 4 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் அந்த முடிவில்லாத அட்டைச் செலவு முழுவதன் நிகழ்கால மதிப்பு ஏறத்தாழ 24,000 டாலர்தான் வருகிறது. கல்லுக்குக் கொடுக்கும் 45,000ஐ அது நெருங்கவே இல்லை. 8 சதவீதம் போட்டால் அட்டை 17,600க்குள் அடங்கிவிடும்.

ஆக, மொட்டையாக நிற்கும் புதுக் கூரைக்கு அட்டை போடுகிறவன் முட்டாள் கிடையாது. பணக் கணக்கில் அவன் சரி. இதை ஒப்புக்கொள்ளாமல் "பாரம்பரியம், அழகு, கம்பீரம்" என்று கவிதை படிப்பதால்தான் சிலேட்டுக்காரர்கள் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை.

ஆனால் நூறு வருட வீட்டுக்காரர் முன்னால் இருக்கும் கேள்வி அதுவா? அவர் கூரையில் கல் ஏற்கெனவே இருக்கிறது! அதற்கான விலையை யாரோ 1925ல் கொடுத்து முடித்துவிட்டார்கள். அவர் ஒப்பிட வேண்டியது புதுக் கல்லையும் அட்டையையும் இல்லை. இருக்கிற கல்லைப் பழுது பார்ப்பதையும், அதைக் கழற்றி எறிந்துவிட்டு அட்டை போடுவதையும்தான் ஒப்பிட வேண்டும். காண்ட்ராக்டரின் கொட்டேஷனில் இந்த மூன்றாவது வழி இருக்காது. "புதுசா கல் போடணும்னா நாற்பத்தைந்தாயிரம் ஆகும், ஷிங்கிள்ஸ்னா பதினைந்துதான்" என்று இரண்டு எண்களை மட்டும் நீட்டுவார். வீட்டுக்காரருக்கு முப்பதாயிரம் மிச்சம் ஆன மாதிரி மனசு குளிர்ந்துவிடும். மொத்த வித்தையும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

அந்த மூன்றாவது எண்ணைப் போட்டுப் பார்ப்போம். முதல் வருடம் பழுதுக்கு 5,000 டாலர், பிறகு வருடா வருடம் 500 டாலர் என்று தாராளமாகவே ஒதுக்குங்கள். கல்லுக்கு இன்னும் 50 ஆண்டு ஆயுள் பாக்கி. 4 சதவீதத்தில் மொத்த நிகழ்கால மதிப்பு சுமார் 15,700. அட்டைக்கு அதே 50 ஆண்டில் இரண்டு தடவை, இன்றும் 25ம் ஆண்டிலும். அது 20,600. 8 சதவீதத்தில் பார்த்தால் 11,100க்கும் 17,200க்கும் போட்டி. வட்டியைக் கூட்டினாலும் குறைத்தாலும் பழுது பார்ப்பதுதான் ஜெயிக்கிறது. காரணம் எளிது. அதில் முதல் நாள் செலவே குறைவு. எண்கள் வீட்டுக்கு வீடு மாறும்தான். பழுதுக்கே 12,000 கேட்கிற கூரைக்கு விடை வேறு மாதிரி வரலாம். ஆனால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகுதானே முடிவு செய்ய வேண்டும்?

சரி, கூரை ஒழுகுகிறதே, அது பொய்யா என்றால், ஒழுகுவது நிஜம். ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம். கல் தண்ணீரைக் குடிக்காது. ஒழுகுவது பெரும்பாலும் கல்லுக்கு நடுவே இருக்கும் உலோகத்தில். கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம் இருக்கிறதே, நம்மூர் ஓட்டு வீட்டில் கூடல்வாய் என்பார்கள், அங்கே ஒரு தகடு இருக்கும். புகைக்கூண்டைச் சுற்றி, சுவரோடு கூரை முட்டும் இடத்தில், எல்லாம் தகடு. ஃப்ளாஷிங் என்பது அதன் பெயர். செம்பில் போட்டிருந்தால் 60, 70 ஆண்டு தாங்கும். துத்தநாகம் பூசிய தகரமோ ஈயம் பூசியதோ என்றால் அதற்கு முன்பே, அதுவும் பெயின்ட் அடிக்காமல் விட்டால் இன்னும் சீக்கிரம், துருப்பிடித்து ஓட்டையாகும். கல்லின் ஆயுளில் பாதியிலேயே தகட்டின் ஆயுள் முடிந்துவிடுகிறது. 1920களில் போட்ட கூரைகள் வரிசையாக ஒழுகுவது இதனால்தான். தகட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கிறது. அதற்காகக் கல்லை மாற்றுவது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலை வெட்டுகிற வைத்தியம்.

அடுத்து, உடைந்த கற்கள். புயலில் மரக்கிளை விழுந்தோ, கேபிள் டிவி ஆள் கூரையில் ஏறி நடந்தோ பத்து இருபது கல் உடைந்திருக்கும். ஒரு கல்லை மாற்றுவது ஒன்றும் மந்திர வித்தை இல்லை. நீண்ட தட்டையான கத்தி மாதிரி, நுனியில் கொக்கி உள்ள ஒரு கருவி உண்டு. அதை உடைந்த கல்லுக்கு அடியில் விட்டு, ஆணியைக் கொக்கியில் மாட்டி, கைப்பிடியைச் சுத்தியால் தட்டினால் ஆணி அறுந்து வரும். கல்லை உருவிவிட்டு, அதே அளவுக் கல்லைச் செருகி, மேல் வரிசையின் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சந்தில் ஓர் ஆணி அடித்து, அதை மறைத்துச் சின்னதாய் ஒரு செம்புத் துண்டைச் செருகிவிடலாம். இல்லை என்றால் ஒரு கம்பிக் கொக்கியிலேயே கல்லைத் தொங்கவிடலாம். முடிந்தது. நம்மூரில் கோடைக்குக் கோடை "ஓடு மாத்துவது" என்று ஒரு வேலை நடக்குமே, அதேதான். பத்து ஓடு உடைந்ததற்காக மங்களூர் ஓட்டு வீட்டையே பிரிக்கச் சொன்ன கொத்தனாரை ஊர் சும்மா விட்டிருக்குமா?

அமெரிக்க மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறை பழங்கட்டடப் பாதுகாப்புக்காகச் சிறு கையேடுகள் வெளியிடுகிறது. அதில் 29வது, 1992ல் வந்தது, சிலேட்டுக் கூரையைப் பற்றியது. ஒரு சரிவில் 20 சதவீதமோ அதற்கு மேலோ கற்கள் உடைந்தும் விரிந்தும் நகர்ந்தும் இருந்தால்தான் மொத்தமாக மாற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது அது. அதற்குக் குறைந்தால் பழுது பார்ப்பதே சிக்கனம். 2,000 கல் உள்ள ஒரு சரிவில் 400 கல் போக வேண்டும்! வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர் எண்ணியது எத்தனை என்று யாராவது கேட்டால் நன்றாயிருக்கும்.

கணக்கில் வராமல் ஒளிந்திருக்கும் செலவுகள் வேறு. நூறு சதுர அடிக் கூரையை அங்கே ஒரு 'ஸ்கொயர்' என்பார்கள். ஒரு ஸ்கொயர் கல் 320 முதல் 450 கிலோ எடை. இருபது ஸ்கொயர் கூரை என்றால் ஆறரை முதல் ஒன்பது டன். அதைக் கழற்றி இறக்கி, வண்டி ஏற்றி, குப்பைமேட்டுக்கு எடைக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய கூரைகள் சிலவற்றில் கல்லுக்கு அடியில் பலகை நெருக்கமாக இருக்காது, ரீப்பர் மாதிரி இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். கல்லுக்கு அது போதும். அட்டைக்குப் போதாது. ஆகவே கூரை முழுக்க ஒட்டுப்பலகை அடித்து மூட வேண்டும். இது கையெழுத்து போட்ட பிறகு, கல்லை எல்லாம் இறக்கிய பிறகு, "கூடுதல் வேலை" என்று பில்லில் ஏறும். அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல முடியுமா, மேலே வானம் தெரிகிறதே.

இதைவிட வேடிக்கை, கழற்றிய கல்லுக்கு விலை உண்டு. பழைய நல்ல கல்லைத் துண்டுக் கணக்கில் வாங்கி விற்கும் சந்தையே இருக்கிறது. பழுது பார்க்கிறவர்களுக்கு அதே நிறம், அதே கனம் உள்ள பழைய கல் தேவை. கிரான்வில் பக்கம் மட்டும் கிடைக்கும் சிவப்புக் கல் என்றால் கேட்கவே வேண்டாம். ஒப்பந்தத்தில் கல் யாருக்குச் சொந்தம் என்று எழுதாவிட்டால் அது யார் வண்டியில் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரர் கழற்றுகூலி கொடுத்து, கல்லையும் கொடுத்தனுப்புகிறார். எஞ்சிய மதிப்பு என்று ஒரு பத்தி தேய்மானக் கணக்கில் உண்டு என்பதைப் பலர் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள் :-)

காண்ட்ராக்டர் எல்லோரும் திருடர்கள் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. அவரில் பலருக்கு உண்மையிலேயே சிலேட்டு வேலை தெரியாது. தினமும் அட்டை அடிப்பவர் கண்ணுக்கு எல்லாக் கூரையும் அட்டைக்குக் காத்திருக்கும் கூரைதான். தெரியாமல் கல் மேல் ஏறி நடந்து நாலு கல்லை உடைப்பார். ஒழுகும் இடத்தில் தாரை அள்ளிப் பூசுவார். பூசிய தார் இரண்டு மூன்று வருடத்தில் வெடிக்கும், அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பிறகு தெரிந்தவர் வந்து சரி செய்யவும் விடாது. பிரச்சினை தனி மனிதரின் நேர்மையில் இல்லை. நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் சந்தையில் இருக்கிறது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். சில சேவைகளின் தரத்தை வாங்குகிறவர் வாங்கிய பிறகும் அறிய முடியாது. கார் மெக்கானிக் மாற்றிய பாகம் நிஜமாகவே கெட்டிருந்ததா? மாற்றிய பிறகு வண்டி ஓடுகிறது, அவ்வளவுதான் தெரியும். கூரையும் அப்படியே. அட்டை போட்ட பிறகு ஒழுகல் நின்றுவிடும். ஆகவே சொன்னது சரிதான் என்று வீட்டுக்காரர் நம்புவார். 800 டாலர் தகட்டு வேலையிலும் அதே ஒழுகல் நின்றிருக்கும் என்பதற்கு இப்போது சாட்சி இல்லை. சாட்சிதான் குப்பைமேட்டில் கிடக்கிறதே.

இதற்கு மேல் வாரன்டி. அட்டைக் கட்டின் மேல் 'லைஃப்டைம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். முன்பு 20, 25, 30 ஆண்டு என்று எண்ணாவது இருந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய கம்பெனிகள் வரிசையாக இந்த ஆயுட்கால வாரன்டிக்கு மாறின. அட்டையின் ஆயுள் அன்று முதல் கூடிவிட்டதா என்ன? சின்ன எழுத்தைப் படித்தால் தெரியும். தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும்தான் பொறுப்பு. வெயிலில் சாதாரணமாகத் தேய்வது கோளாறு ஆகாது. முதல் சில ஆண்டு கழிந்தால் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். வீட்டை விற்றால் வாங்கியவருக்கு முழு உரிமை போகாது. அடித்தவர் செய்த தப்பு தனி. ஆயுட்காலம் யாருடையது என்பதுதான் புரியவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் தங்கள் பங்குக்குச் செய்கின்றன. விண்ணப்பத்தில் 'கூரையின் வயது' என்று ஒரு கட்டம். 20ஐத் தாண்டினால் பிரீமியம் ஏறும், அல்லது இழப்பீட்டில் தேய்மானத்தைக் கழிப்பார்கள், சில இடங்களில் பாலிசியே மறுப்பார்கள். அட்டைக்கு இது நியாயமான கேள்வி. கல்லுக்கு? 90 வயதுக் கூரை என்று எழுதினால் கம்ப்யூட்டர் அலறுகிறது. 40 ஆண்டு பாக்கி உள்ள கல்லை இறக்கி 20 ஆண்டு அட்டையை ஏற்றினால் 'புதுக் கூரை' என்று தள்ளுபடி கிடைக்கிறது! அட்டைக்காக எழுதிய விதியைக் கல்லுக்கும் போட்டு அளப்பவர்களைத் திருத்தாமல் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது பாதி நியாயம்தான்.

வீடு விற்கும்போதும் இதே கதை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வீடு மாறுவது அங்கே சாதாரணம். விற்கிறவருக்கு விளம்பரத்தில் "புதிய கூரை" என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும். வாங்குகிறவர் அதை நம்பி மேலே இரண்டு காசு கொடுக்கிறார். நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் பழைய புறநகரில் வீடு தேடும் நம்மாட்கள் இதில் சுலபமாக விழுகிறார்கள். கூரை பழசு என்றதும் பேரம் பேசி, விலையில் குறைத்து, குறைத்த பணத்தை அப்படியே அட்டைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டை ஆய்வு செய்து அறிக்கை தரும் இன்ஸ்பெக்டருக்கும் சிலேட்டு தெரியாவிட்டால், "வாழ்நாள் முடிவை நெருங்குகிறது" என்று ஒரு வரி எழுதித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார்.

எதிர்த்தரப்பில் சொல்வதில் ஒன்றிரண்டு பதில் சொல்லத் தக்கவை. கல் கனமாயிற்றே, வீடு தாங்குமா? அந்தச் சட்டம் அந்தக் கனத்துக்காகவே போட்டது, நூறு பனிக்காலம் தாங்கியிருக்கிறது. இது வாதமே இல்லை. வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லையே? இது நிஜம். தேட வேண்டும், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், கூலியும் அதிகம். மேலே போட்ட கணக்கில் தாராளமாக எண் வைத்தது அதற்காகத்தான்.

கனமான வாதம் மூன்றாவது. எல்லாக் கல்லும் ஒன்றில்லை. பென்சில்வேனியாவின் மென்மையான ரகங்களில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புக் கந்தகமும் கலந்திருக்கும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது இவை வினைபுரிந்து ஜிப்சம் உண்டாகிறது. அது பருத்து ஏடுகளை உள்ளிருந்தே பிரிக்கும். கல் பொருக்குத் தட்டும், பொடி உதிரும், குறிப்பாக அடிப்பக்கம். விரல் முட்டியால் தட்டினால் நல்ல கல் கணீர் என்னும், செத்த கல் மொத்தென்னும். 80, 90 ஆண்டான அப்படிப்பட்ட கூரை மொத்தென்றால் அதன் காலம் முடிந்தது, சந்தேகமே வேண்டாம். அந்த வீட்டுக்காரர் அட்டை போட்டால் அவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. புதுக் கல்லுக்கு மூன்று மடங்கு கொடுக்க எல்லோரிடமும் பணம் இருக்கிறதா? ஆனால் தட்டிப் பார்த்துச் சொன்னாரா, தெருவிலிருந்து பார்த்துச் சொன்னாரா என்பதே கேள்வி. வெர்மான்ட் கல்லுக்கும் இந்த மென்மையான கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமலேயே இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுகிறார்களே, அதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

இதில் அதிகம் அடிபடுவது யார் என்றும் பார்க்க வேண்டும். பணக்காரர் வீட்டுக் கல் கூரைக்கு ஆர்க்கிடெக்ட் இருக்கிறார், செம்புத் தகடு வருகிறது. அடிபடுவது சுரங்க ஊர்களிலும் பழைய மில் ஊர்களிலும் தாத்தா கட்டிய சின்ன வீட்டில் பென்ஷனில் இருக்கும் கிழவிதான். அந்த ஊர்களில் கல் பணக்காரப் பொருளாக இருந்ததில்லை. பக்கத்துக் குன்றில் வெட்டியது, தொழிலாளி வீட்டுக்கும் அதுதான் கூரை. பழுதுக்குச் சில ஆயிரம் கொடுத்து ஆயுள் முழுக்க நிம்மதியாக இருந்திருக்கக்கூடியவரை, பதினைந்தாயிரம் கடன் வாங்க வைத்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் ஒரு செலவை அவர் பிள்ளைகள் தலையிலும் கட்டிவிடுகிறார்கள். இது சந்தா மாதிரி. முன்பு அந்த வீட்டுக்குக் கூரை ஒரு சொத்து. இனி அது வாடகை.

குப்பையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டன் ஷிங்கிள் கழிவு சேர்வதாக நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு பகுதி சாலைத் தாரில் கலக்கிறது, பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது. கல்லும் ஒன்றும் புண்ணியவான் இல்லை. சுரங்கத்தில் வெட்டுவதில் பத்தில் ஒரு பங்குகூடக் கூரைக்கு ஏறாது, மீதி எல்லாம் கழிவுக் குன்று. வடமேற்கு வேல்ஸில் அந்தக் குன்றுகள் உள்ள நிலப்பரப்பையே 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தக் கல் தூசியை மூச்சில் இழுத்து நுரையீரல் இறுகிச் செத்த தொழிலாளிகள் ஏராளம். பென்ரின் சுரங்கத்தில் 1900ல் தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்று ஆண்டு நடந்து, தொழிலாளிகள் தோற்று, பெத்தெஸ்டா ஊரே இரண்டாகப் பிளந்தது. அட்லாண்டிக்கின் இருபுறமும் கல்லின் விலை அப்படிக் கொடுக்கப்பட்டது. மலை வெட்டியாகிவிட்டது, மனிதரும் செத்தாகிவிட்டது. இனிச் செலவே வைக்காமல் அறுபது ஆண்டு நிற்கத் தயாராக இருக்கும் கல்லை லாரியில் ஏற்றிக் கொட்டுவதில் என்ன சிக்கனம் என்று சுற்றுச்சூழல் பேசுபவர்களாவது கேட்க வேண்டும்.

நூறு வருடக் கூரையின் கீழ் இருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சிலேட்டு வேலை மட்டும் செய்கிற ஒருவரை, முடிந்தால் வேலையை எடுக்காமல் வெறும் அறிக்கைக்கு மட்டும் கூலி கொடுத்து, மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கல் எந்தச் சுரங்கத்தது, ஒவ்வொரு சரிவிலும் எத்தனை உடைந்தது, தகடு என்ன உலோகம் என்ற மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். பழுதுக்கு ஒரு விலை, மாற்றத்துக்கு ஒரு விலை. தகட்டை மாற்றுவதென்றால் செம்பில்தான், மறுபடி தகரத்தில் மாற்றினால் இதே கூத்து இன்னொரு தடவை நடக்கும். கழற்றியே ஆக வேண்டும் என்றாலும் நல்ல கல் வீட்டுக்காரருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். ஒரு சரிவு மட்டும் போயிருந்தால், அதில் தேறும் கல்லை மற்றச் சரிவுகளின் பழுதுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்க வருமான வரியில் வழக்கமான பழுதுச் செலவை, நம் பாடப்புத்தகத்தில் வருவாயினச் செலவு என்போமே, அந்த ஆண்டிலேயே முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். கூரையை மொத்தமாக மாற்றினால் அது மூலதனச் செலவு. குடியிருப்பு வாடகைக் கட்டடத்துக்கான விதிப்படி அதை 27½ ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்மானமாக எழுத வேண்டும். சாதாரண ரக அட்டை 20 ஆண்டில் கிழிந்துவிடும். முதல் கூரையின் தேய்மானக் காலம் முடிய ஏழரை ஆண்டு இருக்கும்போதே அடுத்த கூரைக்கான கொட்டேஷன் வாசலுக்கு வந்து நிற்கும்.